பிணக்கு என்னும் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் கோயில் ஒன்றில் பல ஆண்டுகளாகக் கூட்டக் குறிப்பு எழுதி வருகிறேன். சனிக்கிழமைகளில் அதே கோயில் மண்டபத்தில் இடைநிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழும் சொல்லித் தருகிறேன். ஒருமுறை திருவிழா உபயம், அதாவது ஒரு நாள் பூசைச் செலவை ஏற்று நடத்தும் பொறுப்பு, யாருக்கு எந்த நாள் என்பதில் எழுந்த விவகாரத்தை, 'உபயக்காரர் இருவருக்கிடையே பிணக்கு ஏற்பட்டது' என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். அடுத்த கூட்டத்தில் அதை வாசித்தபோது ஒருவர் அது கடுமையான சொல் என்றார். இன்னொருவர் நடந்ததற்கு அது போதாது என்றார். மூன்றாமவர், கோயில் ஏட்டில் பிணம் வரலாமா என்றார். அன்று தொடங்கி மண்டபத்திலும் வகுப்பிலும் பாசார் (சந்தை) காப்பிக் கடையிலும் என்னிடம் கேட்கப்பட்ட ஐயங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பிணக்குன்னா சண்டைதானே ஐயா? அதுக்கு எதுக்குத் தனியா ஒரு சொல்லு?

சண்டை என்பது ஒரு செயல்; பிணக்கு என்பது ஒரு நிலை. சண்டை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், பிணக்கு பத்து ஆண்டுகள் நீடிக்கும். சண்டையே நடக்காமலும் பிணக்கு இருக்க முடியும். ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்து, இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கும் அண்ணன் தம்பி இருவர், தீபாவளிக்கு ஒருவர் வீட்டுப் பலகாரத் தட்டு மற்றவர் வீட்டுக்குப் போகாத அளவில் இருந்தால், அங்கே ஒரு குரல்கூட உயர்ந்திருக்காது. ஆனாலும் அது பிணக்குதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாசாரில் வண்டி நிறுத்தும் இடத்துக்காக முன்பின் தெரியாத ஒருவரோடு நாம் சண்டை போடலாம், ஆனால் அவரோடு நமக்குப் பிணக்கு வராது. உறவோ நட்போ கூட்டுப் பொறுப்போ முன்பே இருந்தால்தான் அது குலைந்ததைப் பிணக்கு என்று சொல்ல முடியும். கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு நிபந்தனையையே சார்ந்திருக்கின்றன.

மூணு சுழி ணவா, ரெண்டு சுழி னவா?

மூன்று சுழி. பினக்கு என்று எழுதினால் அப்படி ஒரு சொல்லே தமிழில் இல்லை.

உள்ளே பிணம்னு இருக்கே, நல்ல காரியத்துக்கு எழுதுற கடிதத்துல போடலாமா?

பிணக்கு என்ற சொல்லுக்குப் பிணத்தோடு பொருள் தொடர்பு எதுவும் இல்லை. பிணம் என்ற சொல் வேற்றுமை உருபு ஏற்கும்போது பிணத்தை, பிணத்துக்கு, பிணத்தில் என்றுதான் மாறும். அது 'பிணக்கு' என்று ஆகவே ஆகாது. பிணக்கு என்பது பிணங்கு என்ற வினையின் பெயர். முதல் இரண்டு எழுத்து ஒன்றாக இருப்பதால் உறவு கொண்டாட முடியாது. கணக்குக்கும் கணவனுக்கும்கூட முதல் இரண்டு எழுத்து ஒன்றுதான்.

ஆனாலும், திருமண அழைப்பிதழிலும் கும்பாபிஷேகப் பத்திரிகையிலும் இச்சொல் வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னால் நான் வாதாடுவதில்லை. பிணத்துக்காக அன்று, அழைப்பிதழில் பிணக்கைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இல்லை என்பதற்காக.

அப்போ இந்தச் சொல்லு எங்கேருந்து வந்துச்சு?

பிணங்குதல் என்பதற்குப் பழைய பொருள் பின்னிக்கொள்ளுதல், ஒன்றோடொன்று சிக்கி நெருங்கிக் கிடத்தல் என்பதாகும். சங்கப் பாட்டுகளில் 'பிணங்கு அரில்' என்ற தொடர் வருகிறது. அரில் என்றால் பின்னிக் கிடக்கும் புதர். அங்கே யாருக்கும் யாரோடும் கோபம் இல்லை. கொடியும் கிளையும் எது எதனுடையது என்று பிரிக்க முடியாதபடி முறுக்கிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். நம் பக்கத்தில் இளஞ்செம்பனை (எண்ணெய்ப்பனை)க் கன்றுகளுக்கு இடையே மண்ணை மூடுவதற்காக விடப்படும் அவரையினக் கொடிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்று மாதம் கவனிக்காமல் விட்டால் கொடி கன்றின் மட்டையில் ஏறிச் சுற்றிக்கொள்ளும். இழுத்தால் மட்டையும் சேர்ந்து வரும்.

விளங்கு என்பதிலிருந்து விளக்கு வந்ததுபோலப் பிணங்கு என்பதிலிருந்து பிணக்கு வந்தது. கட்டுதல் என்னும் பொருளுடைய பிணித்தல், சேர்த்தல் என்னும் பொருளுடைய பிணைத்தல், ஜாமீனைக் குறிக்கும் பிணை ஆகியவை இதே குடும்பத்தில் வைத்துப் பார்க்கத் தக்கவை. பிரிவைச் சொல்லும் ஒரு சொல் கட்டைச் சொல்லும் சொற்களுக்கு நடுவே பிறந்திருப்பது முதலில் வியப்பாகத் தோன்றும். முதல் பதிலில் சொன்ன நிபந்தனையோடு சேர்த்துப் பார்த்தால் வியப்பு நீங்கும்: தனித்தனியே கிடக்கும் நூல்களில் சிக்கு விழுவதில்லை.

தமிழில் மன வேறுபாட்டைச் சொல்லும் பேச்சு வழக்குகள் பலவும் நூலையும் கயிற்றையும் முடியையும் சுற்றியே வருகின்றன. சிக்கல் என்கிறோம். முறுக்கிக்கொண்டு போனான் என்கிறோம். இருவரை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பவரைச் சிண்டு முடிந்துவிடுகிறார் என்கிறோம். சிண்டு என்பது குடுமி, இரண்டு பேருடைய குடுமியைச் சேர்த்து முடிந்துவிட்டால் இருவரும் விலகவும் முடியாது, சேர்ந்து நடக்கவும் முடியாது. பிணக்கு என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான படம் எனக்குத் தெரிந்து இல்லை.

இணக்கம், பிணக்கம். ஒரு 'ப்' சேர்த்தா எதிர்ச்சொல் ஆயிடுமா சார்?

இது என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டது, நல்ல கண். ஓசை நயத்துக்காக இவ்விரண்டையும் எதிர் எதிரே நிறுத்துவது தமிழில் நெடுநாளைய வழக்கம், தேர்வில் எதிர்ச்சொல்லாக எழுதலாம். ஆனால் 'ப்' என்பது எதிர்மறை முன்னொட்டு அன்று. இணை, பிணை என்ற இரண்டையும் பாருங்கள்: இரண்டுமே சேர்ப்பதைத்தான் சொல்கின்றன. இணங்கு, பிணங்கு என்பவையும் சேர்க்கையின் இரு வகைகள் என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒன்று பக்கத்தில் பக்கத்தில் சேர்வது, மற்றொன்று குறுக்கும் நெடுக்குமாகச் சேர்வது.

திருவாசகத்துல "இணக்கிலாததோர் இன்பம்"னு வருதே. இணக்கு இல்லாதது எப்படிங்க இன்பம் ஆகும்?

வெள்ளிக்கிழமை கூட்டு வழிபாட்டில் திருக்கழுக்குன்றப் பதிகம் பாடும் அம்மா ஒருவர் கேட்ட கேள்வி இது. 'பிணக்கிலாத பெருந்துறைப் பெருமான் உன் நாமங்கள் பேசுவார்க்கு இணக்கிலாததோர் இன்பமே வரும்' என்பது மாணிக்கவாசகர் வாக்கு. முதல் அடியில் பிணக்கு, அடுத்த அடியில் இணக்கு என்று எதுகை அமைந்திருப்பதால், முன் பதிலில் சொன்ன எதிர்ச்சொல் இணையை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பவர் இடறுவது இயல்பே.

இங்கே இணக்கு என்பதற்கு ஒப்பு, நிகர் என்று பொருள். இணையில்லாத என்று சொல்வதில்லையா, அதுபோல, ஒப்புச் சொல்ல முடியாத இன்பம் வரும் என்கிறார். பிணக்கிலாத என்பது மாறுபாடு அற்ற என்னும் பொருளில் இறைவனுக்கு அடைமொழியாக வந்திருக்கிறது. எனவே இணக்கு இல்லாமை எல்லா இடத்திலும் பிணக்கு ஆகாது. இந்த ஒரு பாட்டே அதற்குப் போதிய சான்று.

மனத்தாங்கல், கருத்து வேறுபாடு, பூசல், தகராறு எல்லாம் ஒண்ணுதானே? எதை வேணா போடலாமா?

கூடாது. கூட்டக் குறிப்பு எழுதுகிறவனுக்கு இந்த வேறுபாடுதான் சோறு. கருத்து வேறுபாடு என்பது பேசப்படும் பொருளைப் பற்றியது. அன்னதானத்துக்குச் சாம்பாரா குழம்பா என்பதில் இருவர் வேறுபட்டாலும் ஒன்றாகவே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மனத்தாங்கல் என்பது ஒருவர் உள்ளத்துக்குள் இருப்பது. மற்றவருக்கு அது தெரியாமலே இருக்கலாம். 'தலைவர்மீது செயலாளருக்கு மனத்தாங்கல்' என்று ஒரு பக்கத்தை மட்டும் குறிப்பிட்டு எழுதலாம். அந்தத் தாங்கல் இரு பக்கமும் தெரிந்து, பேச்சும் போக்குவரத்தும் குறைந்த பிறகுதான் அது பிணக்கு.

பூசல் என்பதற்குப் பழைய தமிழில் பேரொலி என்றும் போர் என்றும் பொருள் உண்டு. அந்த இரைச்சல் இன்றும் அச்சொல்லை விட்டுப் போகவில்லை. நான்கு பேர் காதில் விழும்படி நடப்பதையே பூசல் என்கிறோம், கட்சிக்குள் நடப்பதை உட்கட்சிப் பூசல் என்று நாளிதழ்கள் எழுதுவது பொருத்தமே. தகராறு உருது வழியாக வந்த சொல். அதன் அரபு மூலத்துக்குத் திரும்பத் திரும்பச் செய்தல் என்று பொருள். சொன்னதையே சொல்லி மல்லுக்கு நிற்பது என்று நினைத்துக்கொண்டால் அது எங்கே பொருந்தும் என்பது தானே விளங்கும். தகராறில் கேட்டுப் பெற வேண்டியது ஒன்று இருக்கும்: பணம், எல்லை, முறை. பிணக்கில் அப்படி ஒன்று இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. எங்கள் கோயிலில் நடந்தது முதல் வாரத்தில் நாள் ஒதுக்கீட்டுத் தகராறு. நாள் ஒதுக்கி முடித்த பிறகும் இருவரும் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போகாதிருந்தது பிணக்கு. கடுமை என்றவருக்கும் போதாது என்றவருக்கும் இதையே பதிலாகச் சொன்னேன்.

புருஷன் பெண்டாட்டிக்குள்ள வந்தா ஊடல்னுதானே சொல்லணும்?

இலக்கியத்தில் ஆம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. அகப்பொருள் இலக்கணத்தில் மருதத் திணையின் உரிப்பொருளே ஊடல்தான். திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. 'உப்பமைந் தற்றால் புலவி' என்று 1302ஆம் குறள் சொல்கிறது: அளவோடு இருந்தால் உணவில் உப்புப் போல, சற்று நீண்டுவிட்டால் உப்பு மிகுந்தது போல. 1306ஆம் குறளோ புலவியோடு துனி என்ற இன்னொரு நிலையையும் சேர்த்துச் சொல்கிறது. 'துனியும் புலவியும் இல்லாயின் காமம் கனியும் கருக்காயும் அற்று.' துனி என்பது முதிர்ந்த ஊடல். சமாதானம் செய்யப்படுவோம் என்ற எதிர்பார்ப்பு உள்ளே இருக்கும்வரை அது ஊடல். அந்த எதிர்பார்ப்பு வற்றிய பிறகு பொதுச் சொல்லாகிய பிணக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. புகார்க் கடிதம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களில் சிலர், அடி உதையையும் 'குடும்பப் பிணக்கு' என்று எழுதச் சொல்வார்கள், மானம் கருதி. நான் எழுதுவதில்லை. பிணக்கு இருவருடையது, அடி ஒருவர் கொடுத்து ஒருவர் வாங்குவது. அடியை அடி என்றே எழுத வேண்டும்.

அன்னிக்கு உறுமி மேளமும் நாதஸ்வரமும் சேரவே இல்ல. அதைப் பிணக்குன்னு சொல்லலாமா?

வாசித்தவர்களுக்குள் பேச்சு நின்றுபோயிருந்தால் சொல்லலாம். ஓசை மட்டும் சேரவில்லை என்றால் சுருதி சேரவில்லை, தாளம் தப்பியது, அபசுரம் என்றுதான் சொல்ல வேண்டும். அதுபோலவே, சேலைக்கு ரவிக்கை பொருந்தவில்லை, உடம்புக்கு இறால் ஒவ்வவில்லை, கணக்கில் இரண்டு தொகைகள் முரண்படுகின்றன. பொருத்தமின்மை, ஒவ்வாமை, முரண் ஆகிய இச்சொற்களுக்கு மனம் தேவையில்லை. பிணக்குக்கு இரண்டு மனம் வேண்டும். முரண்பாடு ஒரே ஆளுக்குள்ளும் இருக்கலாம். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் பேசுகிறவரிடம் இருப்பது முரண்பாடு.

"பிணக்கு போட்டாங்க"ன்னு எழுதினேன், சிவப்புக் கோடு போட்டுட்டீங்க. ஏன்?

இரண்டு காரணம். முதலாவது, பிணக்கைப் 'போட' முடியாது, அது சண்டைக்கு உரிய வினை. பிணக்கு ஏற்படும், எழும், வளரும், முற்றும், தீரும், நீங்கும். செயலாகச் சொல்ல வேண்டுமானால் பிணங்கினார்கள் என்றே எழுதலாம்; அதுவும் 'தம்பியோடு பிணங்கினான்' என்று வரவேண்டும், 'தம்பியைப் பிணங்கினான்' என்று வராது. ஒருவரைப் பிணங்கச் செய்வதற்கு இன்றைய வழக்கில் தனிச்சொல் இல்லை. மேலே சொன்ன சிண்டு முடிதல்தான் இருக்கிறது.

இரண்டாவது, ஒற்று. பிணக்கு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம், அதாவது வல்லின மெய்யை அடுத்து ஈற்றில் ஓசை குறைந்து நிற்கும் உகரம். அதன் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: கொக்குப் பறந்தது என்பதுபோலப் பிணக்குத் தீர்ந்தது, பிணக்குப் பெரிதாயிற்று. உயிரெழுத்து வந்தால் உகரம் கெடும்: பிணக்கில்லை, பிணக்கறியாதவர். பன்மையில் பிணக்குகள் என்று எழுதினால் போதும். 'பிணக்குக்குக் காரணம்' என்பது தவறில்லை என்றாலும் வாய் இடறுகிறது; நான் 'பிணக்கின் காரணம்' என்று மாற்றிவிடுவேன்.

தோட்டத்துல சம்பளம் பத்தி நிர்வாகத்தோட வர்றது தொழில் தகராறா, தொழில் பிணக்கா? இலங்கைக்காரங்க பிணக்குங்கிறாங்களே.

இரண்டும் சரி, நாட்டைப் பொறுத்தது. இலங்கையில் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் என்றே தமிழில் வழங்குகிறார்கள். அங்கே நீதிமன்றத் தமிழிலும் பிணக்கு என்பது உணர்ச்சிக் கலப்பில்லாத கலைச்சொல். தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தைத் தொழில் தகராறுகள் சட்டம் என்றார்கள். நம் நாட்டில் 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் கீழ் வருபவற்றை நாளிதழ்களும் தொழிற்சங்கத்தாரும் தொழில் தகராறு என்றே எழுதுகிறார்கள். 1954இல் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்த காலம் முதல் பால்மரம் வெட்டியவர்கள் (ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர்கள்) கூலி பேசிய பேச்சில் பிணக்கு என்ற சொல்லை என் தந்தை தலைமுறையார் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

மலேசிய வாசகருக்கு எழுதும்போது தொழில் தகராறு என்பதையே நான் பரிந்துரைப்பேன். முன்பு சொன்ன வேறுபாடும் அதற்கு இடம் தருகிறது, கேட்டுப் பெற வேண்டியது ஒன்று அங்கே இருக்கிறது. இலங்கை நண்பர் ஒருவர் 'நிர்வாகத்துடன் பிணக்கு' என்று எழுதினால், மானேஜரோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று நம் ஆட்கள் பொருள் கொண்டுவிட வேண்டாம்.

பாரத்துல "பெர்செலிசிஹான் ஃபஹாம்"னு போட்டிருக்கு. தமிழ்ல பிணக்குன்னு எழுதிடவா?

படிவத்தில் உள்ள அந்த மலாய்த் தொடரில் பெர்செலிசிஹான் என்பது வேறுபாட்டையும் ஃபஹாம் என்பது புரிதலையும் குறிக்கின்றன. எனவே பெரும்பாலான இடங்களில் கருத்து வேறுபாடு என்பதே நெருக்கமானது. 'சாலா ஃபஹாம்' என்று இருந்தால் தவறான புரிதல். இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பிணக்கு என்று எழுதினால், பாரத்தில் ஒப்புக்கொண்டதைவிடக் கூடுதலாக ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இன நல்லிணக்கம்னு எழுதறோம். அதுக்கு எதிரா இனப் பிணக்குன்னு எழுதலாமா?

இலக்கணப்படி தடையில்லை. பல இனத்தார் ஒரே ஊரில் கூடி வாழ்வதால், கட்டு ஏற்கெனவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பொருந்துகிறது. பக்கத்துக் கம்பத்தாரோடு (மலாய்க் கிராமத்தாரோடு) ஒலிபெருக்கி பற்றி ஏற்பட்ட சிறு கசப்பைப் பிணக்கு எனலாம். ஆனால் 1969ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் நடந்ததை மாணவர் ஒருவர் கட்டுரையில் 'இனப் பிணக்கு' என்று எழுதியிருந்தார். அதைக் கலவரம் என்று திருத்தினேன். உயிர்கள் போனதைப் பிணக்கு என்பது சொல்லைக் கொண்டு மூடி வைப்பதாகும்.

"உடம்பாடு இலாதவர் வாழ்க்கை"ன்னு குறள் இருக்கே, அந்த உடம்பாடு இல்லாததும் பிணக்குதானே?

'உடம்பாடு இலாதவர் வாழ்க்கை குடங்கருள் பாம்போடு உடனுறைந் தற்று' என்பது 890ஆம் குறள். மனம் ஒத்துப்போகாதவரோடு சேர்ந்து வாழ்வது, சிறு குடிலுக்குள் பாம்போடு குடியிருப்பது போன்றது. செம்பனைக் காட்டில் நாகத்தைக் கண்டு பின்வாங்கியவர்களுக்கு உவமை உறைக்கும். உடம்பாடு என்றால் மன இசைவு. அது இல்லாமை பிணக்கே என்று தோன்றும். ஆனால் இக்குறள் இருக்கும் அதிகாரம் உட்பகை. அங்கே பேசப்படுகிறவர் வெளியே உறவு காட்டி உள்ளே பகை கொண்டவர். பிணங்கியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார், அவர் பிணங்கியிருப்பது ஊருக்கே தெரியும். உட்பகை கொண்டவர் சிரித்துக்கொண்டே காப்பி கொடுப்பார். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் வள்ளுவர் பிரித்து வைத்ததை நாம் கலக்கியதாகும்.

கடைசியில குறிப்பேட்டுல என்னதான் எழுதினீங்க?

'பிணக்கு ஏற்பட்டது' என்பது திருத்தமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் பக்கத்தில் 'தீர்ந்தது' என்று எழுதி நாள் குறிக்க ஒரு விரற்கடை இடம் விடச் சொன்னார், இரண்டு உபயக்காரர்களில் மூத்தவர். விட்டிருக்கிறேன்.